வலப்பக்கம் ஓடாத முட்டி

அம்பயர் தேர்வு எழுதிப் பாஸாகி, புது விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தென்காசியில் என் கடையைத் தேடி வந்து ஆசி கேட்கிறீர்கள். ஆசியெல்லாம் என்னிடம் கிடையாது. ஆணி, கீல், பெயிண்ட், பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது. கபடிக் கோட்டோரத்தில் அம்பயராக நின்று ஓய்ந்த ஒரு உடம்பு இருக்கிறது. அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்கிறேன். உங்களில் பாதிப் பேர் கடைப் படியில் ஏறும்போது ஒரு காலை வைத்துவிட்டு மறுகாலை இழுத்துக்கொண்டு வருகிறீர்கள். எல்லாரும் பழைய ஆட்டக்காரர்கள். கபடி ஆடினவனுக்கு இரண்டு முட்டியும் முழுசாக மிஞ்சுவது அபூர்வம். "என்னலே முட்டி?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கு" என்கிறீர்கள். எனக்கு அங்கேதான் எரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் இடது முட்டி நான் ஆடிய காலத்திலேயே போயிற்று. கார்னரில் நின்று ஒரு ரெய்டரின் கணுக்காலைப் பிடித்தேன். பிடி நல்ல பிடிதான். என்னுடைய ஆளே ஒருவன் உதவிக்கு வருகிறேன் என்று என் முட்டி மேல் வந்து விழுந்தான். எண்ணெய் போட்டுக் கட்டினார்கள். வீக்கம் வடிந்தது. முட்டி திரும்பி வந்தது, முழுசாக வரவில்லை. நேராக நடந்தால் வலிக்காது. படி ஏறலாம், வண்டி உதைக்கலாம். இடது காலை ஊன்றி வலப்பக்கமாகச் சட்டென்று எகிறினால் மட்டும் உள்ளே ஏதோ நழுவும். வலியைத் தாங்கிவிடலாம். அந்த நழுவலுக்குத்தான் பயம். பயந்த கால் அடியெடுத்து வைக்குமுன் யோசிக்கும். அது யோசித்து முடிப்பதற்குள் ரெய்டு முடிந்துவிடும்.

அப்படியும் நெடுங்காலம் நின்றேன். எப்படி என்று கேட்பீர்கள். மாயம் ஒன்றும் இல்லை. முட்டியைத் தாங்குவது தொடை. தொடையைக் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு, அதில் மெதுவாக உட்கார்ந்து, மெதுவாக எழுந்து, மறுபடி உட்காருவேன். சாமான் வாங்க வந்த ஒரு அம்மா, "ஏன், அண்ணாச்சிக்கு வயித்துல எதுவும் கோளாறா?" என்று என் மனைவியிடம் விசாரித்துவிட்டுப் போனார். இலஞ்சி ரோட்டில் விடியற்காலையில் நடப்பேன், ஓட மாட்டேன். வயிற்றை வளர விடவில்லை. ஆட்டம் முடிந்த அன்று பரோட்டாக் கடைக்குப் போகாமல் நேரே வீட்டுக்குப் போய்க் காலைத் தூக்கி வைத்துப் படுப்பேன். இவ்வளவுதான் ரகசியம்.

இதற்கு மேல் நம் ஊர்க்காரன் மட்டும் செய்கிற ஒரு முட்டாள்தனம் இருக்கிறது. அதையும் நான் செய்தேன். சீசன் சமயத்தில் ஆட்டம் வைத்தால், காலையில் குற்றாலத்துக்குப் போய் அருவியில் முட்டியைக் காட்டிக்கொண்டு நிற்பது. தண்ணீர் வந்து அறையும். முதலில் சுரீர் என்று இருக்கும். பிறகு முட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது. வெளியே வந்து துவட்டிக்கொண்டு நடந்தால் இருபது வயதுக் கால் மாதிரி இருக்கும். அருவியைக் குறை சொல்லவில்லை. ஆனால் மரத்துப்போன முட்டி வேறு, நல்ல முட்டி வேறு. வலிக்கிற முட்டி உன்னிடம் உண்மையைச் சொல்லும். மரத்த முட்டி உன்னைப் புகழும். புகழுகிறவனை நம்பிக் கோர்ட்டுக்குள் போகாதே.

நான் போனேன். அந்தக் கதைதான் இது.

குற்றாலம் போகிற வழியில் ஒரு திடலில் சீசன் கபடி. காலையில் அரையிறுதி, சாயந்தரம் இறுதி ஆட்டம். கோர்ட்டின் ஒரு தலைப்பில் மேடை, மறு தலைப்பில் புளியமரம். எல்லாருக்கும் மேலே ரெப்ரி ஒருவர். நான் ஒரு பக்கக் கோட்டோரம். எனக்கு நேர் எதிர்க்கோட்டில் இன்னொரு அம்பயர். செங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. எல்லாரும் டீச்சர் என்போம், நானும் அப்படியே. வயதில் எனக்கு இளையவர். கோர்ட்டில் எனக்குக் கிடைத்த வாத்தியார் அவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடத்துக்கும் மேலாக நாங்கள் ஜோடியாக நின்றிருந்தோம்.

நான் நின்ற இடத்திலிருந்து மேடை வலப்பக்கம், புளியமரம் இடப்பக்கம். ரெய்டு மரத்துப் பாதியில் நடந்தால் ரெய்டரோடு சமமாகப் போய்விடுவேன். மேடைப் பாதியில் நடந்தால் பிந்துவேன். அன்று அருவியில் நின்றுவிட்டு வந்த மிதப்பு. பிந்துகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

அரையிறுதியில் மஞ்சள் பனியனும் நீலப் பனியனும். இரண்டாவது பாதியில் மேடைப் பக்கம் மஞ்சள் அணி தடுத்து நின்றது. நீல ரெய்டர் என் கோட்டை ஒட்டித் திரும்பி ஓடுகிறான், விழுகிறான். நான் போய்ச் சேர்ந்தபோது ஆள் தரையில் கிடக்கிறான், மேலே மஞ்சள் பையன்கள். அவுட் கொடுத்தேன்.

"பின்னால இருந்து பனியனப் புடிச்சி இழுத்தான் அண்ணாச்சி! பாக்கலியா?" என்று நீலக் கேப்டன் கத்தினான்.

நான் பார்க்கவில்லை. பார்க்காததைக் கொடுக்க முடியாது. அதே இடத்தில் அதே மாதிரி இன்னொரு தடவையும் நடந்தது. நீல அணி தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் கமிட்டிச் செயலாளர் வந்தார். அரிசி மில் வைத்திருக்கிறவர், தணிந்த குரல்.

"அண்ணாச்சி, கோவிச்சிக்கிடாதீக. சாயந்தரம் பைனலுக்கு அந்தப் புதுப் பையன நிப்பாட்டுவோமா? நீங்க மேடையில சிறப்பு விருந்தாளியா உக்காருங்க. பொன்னாடை போத்துதோம்."

"பொன்னாடையக் கொண்டுபோய் ஒம்ம மில்லு மாட்டுக்குப் போத்தும்" என்றேன்.

"இதுக்குத்தான் சொன்னேன், கோவிச்சிக்கிடாதீகன்னு."

டீச்சர் பக்கத்தில் நின்று ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "அண்ணாச்சி நிக்கலேன்னா நானும் நிக்கல" என்றார். செயலாளர் தலையைச் சொறிந்தார். கடைசியில் இப்படி முடிவாயிற்று: நான் நிற்கலாம். இன்னொரு புகார் வந்தால், ஆட்டத்தின் நடுவிலேயே என்னை வெளியே எடுப்பார்கள்.

அதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியும். நடு ஆட்டத்தில் வெளியே எடுக்கப்பட்ட அம்பயரை இங்கே எந்த ஊரிலும் மறுபடி கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் பொன்னாடை போர்த்தத்தான் கூப்பிடுவார்கள். எனக்குக் கடை இருந்தது, குடும்பம் இருந்தது, சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வெள்ளைக் கோட்டோரத்தில் நிற்கிற நேரத்தில்தான் நான் ஆணி விற்கிறவனாக இல்லாமல் இருந்தேன். அது போவதற்கு நான் தயாராக இல்லை.

நீலக் கேப்டனைத் தேடிப் போய், "ரெண்டு எடத்துலயும் நான் பிந்திட்டேம்பா" என்று சொன்னேன். "சரி, விடுங்க" என்றான். கையை மட்டும் நீட்டவில்லை. அவன் செய்தது சரிதான்.

சாயந்தரம் இறுதி ஆட்டம். மஞ்சளுக்கு எதிராகப் பச்சை. மஞ்சள் கேப்டன் டாஸ் ஜெயித்தான். "கோர்ட்" என்றான். புளியமரத்துப் பாதியை எடுத்துக்கொண்டான். பச்சைக்கு முதல் ரெய்டு போயிற்று.

அந்தக் கேப்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். புளியங்குடியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், எலுமிச்சை மூட்டை அடிப்பவன். அதற்கு முந்தின வருடம் வலது முட்டியில் அடிபட்டு, கீல் வாங்குகிற சாக்கில் என் கடைக்கு வந்தான். கீலைக் கையில் வைத்துக்கொண்டு, "இனிமே ஆட முடியாதா அண்ணாச்சி?" என்று கேட்டான். கேட்டவன் முகம் கோணிக்கொண்டு போயிற்று. பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து அவனை உட்கார வைத்தேன். தொடைப் பயிற்சியைக் காட்டிக் கொடுத்தேன். தைரியம் வரட்டும் என்று என் முட்டியின் வண்டவாளத்தை முழுவதும் சொன்னேன். எந்தப் பக்கம் ஓடும், எந்தப் பக்கம் ஓடாது, எப்படிச் சமாளிக்கிறேன் எல்லாம். "பாருலே, இத வச்சிக்கிட்டு நானே நிக்கேன். ஒனக்கு என்ன?" என்றேன். சிரித்துக்கொண்டு போனான். பிறகும் அவ்வப்போது வருவான். வரும்போது ஒரு பை எலுமிச்சை கொண்டுவருவான். என் மனைவி ஊறுகாய் போட்டு அவனுக்கே ஒரு பாட்டில் கொடுத்தனுப்புவாள்.

முதல் பாதி புகார் இல்லாமல் போயிற்று. இடைவேளையில் டீச்சர் தண்ணீர் பாட்டிலோடு கோர்ட்டைத் தாண்டி என் பக்கம் வந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். டாஸ் செயிச்சவன் ஏன் கோர்ட்டக் கேட்டான்?"

"அவன் இஷ்டம்."

"இஷ்டந்தான். காலையிலயும் இதே பாதியத்தான் கேட்டான். கண்ணுல அடிக்க வெயிலு இல்ல, சாரல் மேகம் மூடிக் கெடக்கு. காத்து இல்ல. தரை ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். எல்லாவனும் மொத ரெய்டத்தான கேப்பான்? இவன் எதுக்குக் கோர்ட்டக் கேக்கான்?"

என் கண் மேடைப் பக்கம் போயிற்று.

"மொதப் பாதியில மரத்துப் பக்கம் நின்னா, ரெண்டாவது பாதியில மேடப் பக்கம் வருவான். உங்களுக்கு வலப்பக்கம். காலையில ரெண்டு இழுப்பும் அங்கனதான் நடந்துச்சு. அங்கன என்ன இருக்கு அண்ணாச்சி?"

"அங்கன நான் இல்ல டீச்சர்" என்றேன். அப்போதுதான் எனக்கே அது புரிந்தது. "எடது கால ஊனி வலப்பக்கம் போனா பிந்துவேன். ரொம்ப வருசமா அப்படித்தான்."

"அது அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தான் சொன்னேன். அவனுக்கு முட்டி போயிருந்துச்சு. தேத்துததுக்காகச் சொன்னேன்."

டீச்சர் பாட்டில் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். குடிக்கவில்லை.

"ஆட வார பயலுக்குச் சொல்லுவீக. பத்து வருசத்துக்கு மேல எதுர நிக்கேன், எனக்குச் சொல்ல மாட்டீக. அப்படித்தான?"

அந்தக் கேப்டன் மேல் எனக்கு வந்த கோபம் பெரிய கோபம். ஊறுகாய் பாட்டில் வரைக்கும் ஞாபகம் வந்தது. ஆனால் டீச்சர் கேட்டது அதைவிட ஆழமாக இறங்கிற்று. கூட நிற்கிறவருக்குச் சொல்லியிருந்தால் அவர் அந்தப் பக்கம் கூடுதலாக ஒரு கண் வைத்திருப்பார். நீலப் பையன்கள் தோற்றிருக்க மாட்டார்கள். சொன்னால் என்னோடு ஜோடியாக நிற்க மாட்டார் என்று நான் நினைத்ததுதான் காரணம். அப்படி நினைத்தது அவருக்குச் செய்த அவமானம்.

"சைடு மாத்திக்கிடுவோம்" என்றார் டீச்சர். "நீங்க என் கோட்டுக்குப் போங்க. அங்கன இருந்து பாத்தா மேட உங்களுக்கு எடப்பக்கம். ஓடிருவீக."

"அப்போ மரத்துப் பக்கம் பிந்துவேனே?"

"பிந்துங்க. ரெப்ரிட்டச் சொல்லுவோம். எல்லாருக்கும் சொல்லுவோம்."

ரெப்ரி ஒத்துக்கொண்டார். மஞ்சள் அணியின் மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. "நடு ஆட்டத்துல ஏன் மாத்துதீக? காரணம் சொல்லுங்க. மைக்குல சொல்லுங்க" என்று குதித்தார். மைக் செட்டுக்காரனுக்கு இது போதாதா? "ரசிகப் பெருமக்களே, அமைதி! நமது மூத்த நடுவர் அண்ணாச்சி அவர்கள் இப்போது ஒரு முக்கிய உரை நிகழ்த்துவார்" என்று ஆரம்பித்துவிட்டான். மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன்.

"எனக்கு எடது முட்டியில பழைய காயம். வலப்பக்கம் ஓடுனா பிந்துவேன். காலையில ரெண்டு எடத்துல பிந்திட்டேன். அதுக்குத்தான் சைடு மாத்துதோம். இப்போ மரத்துப் பக்கம் பிந்துவேன். ரெப்ரியும் டீச்சரும் அங்கன கூட ஒரு கண்ணு வைப்பாக. நீங்களும் பாத்துக்கிடுங்க."

கூட்டத்திலிருந்து ஒருவன், "ஆபரேசன் பண்ணும் அண்ணாச்சி!" என்றான்.

"ஒன் வாய்க்குத்தாம்லே பண்ணணும்" என்றேன். சிரித்தார்கள்.

இதை எவன் பயன்படுத்திக்கொண்டான் என்று நான் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. மைதானமே கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெயரைச் சொன்னால் போதும், அவனை ஒரு ஊரும் சேர்க்காது. மஞ்சள் கேப்டன் குனிந்து தன் முட்டிப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தான். இறுக்க வேண்டிய அளவுக்கு மேல் இறுக்கினான். நான் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

எதிர்க்கோட்டில் போய் நின்றபோது உடம்பு லேசாக இருந்தது. நான் வலப்பக்கம் நகரும்போதெல்லாம் பையன்கள், "அண்ணாச்சி, பைய! பைய!" என்று கத்தினார்கள். கேலிதான். ஆனால் ஒன்று பாருங்கள், அந்தப் பக்கத்தில் பச்சை அணிக்காரன் எவனும் பனியன் மேல் கை வைக்கவில்லை. ஊருக்கே தெரிந்த ஓட்டையில் எவனும் திருட முடியாது. ஒளித்து வைத்த ஓட்டைதான் ஆபத்து. மேடைப் பக்கம் மஞ்சள் கார்னர்காரன் ஒரு தடவை பழக்கதோஷத்தில் கையை நீட்டினான். நான் முன்னாலேயே அங்கே போய் நின்றுகொண்டு, "என்னலே?" என்றேன். கையை இழுத்துக்கொண்டான்.

கடைசி ரெய்டு. மஞ்சள் ஒரு புள்ளி பின்னால். கேப்டனே கபடி பாடிக்கொண்டு மரத்துப் பாதிக்குள் போனான். டீச்சர் நின்ற கோட்டை ஒட்டி இரண்டு பேரைத் தொட்டான், திரும்பினான், பாய்ந்தான். நடுக்கோட்டைத் தொட்டால் ஜெயம். பச்சைக் கார்னர்காரன் அவன் வலது முட்டியைக் கட்டிப் பிடித்தான். நல்ல பிடி, தப்பே இல்லாத பிடி. ஆள் விழுந்துவிட்டான். பாட்டு நிற்கவில்லை. கை நீண்டு கிடக்கிறது, கோட்டுக்கும் விரலுக்கும் ஒரு முழம். இழுத்துக்கொண்டு வருகிறான். பிடித்தவன் விடவில்லை. அப்போது இன்னொரு பச்சைப் பையன் பக்கவாட்டிலிருந்து அந்தக் கால் மேல் விழ வருகிறான்.

நான் கோர்ட்டின் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். ஓட வேண்டிய தேவையே இல்லை. அவன் பாதம் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது, முட்டி இன்னொரு பக்கம் பார்க்கிறது. அதை எனக்குத் தெரிந்த மாதிரி அந்தத் திடலில் வேறு யாருக்கும் தெரியாது.

பிடி விழுந்த பிறகு எவ்வளவு நேரம் பொறுத்து ஊதுவது என்பது நம் கையில் இருப்பது. பொறுத்தால் அவன் ஜெயிக்கலாம். ஊதினால் தோற்றான். ஊதினேன்.

விழ வந்தவன் தடுமாறி விலகி விழுந்தான். கேப்டன் தரையில் கிடந்தபடியே என்னைப் பார்த்தான். "ஒரு கைதான் அண்ணாச்சி! ஒரு கை தூரந்தான்!" என்று கத்தினான். பிறகு குரல் இறங்கிற்று. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பழி வாங்கிட்டீகள்லா?" என்றான்.

மஞ்சள் ஆட்கள் கோர்ட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். "காலையில நம்ம பக்கம் சாஞ்சாருன்னு கொற சொன்னாவள்லா, அதக் கழுவ இப்போ நம்ம தலையில கை வைக்காரு!" செயலாளர் ஓடிவந்தார். புகார் வந்துவிட்டது. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றக் கையைக் கொண்டுபோனேன்.

"விசில் நான் ஊதுனது" என்றார் டீச்சர்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"என் கோட்டுல நடந்த ரெய்டு. முட்டி திரும்பிச்சு, ஊதுனேன். அண்ணாச்சியும் ஊதுனாரு, நானும் ஊதுனேன். என்ன கேக்கணுமோ எங்கிட்டக் கேளுங்க."

காலையிலிருந்து அவர் மேல் யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை. கேட்க யாருக்கும் வாயில்லை. ரெப்ரி பச்சை அணிக்குக் கையைத் தூக்கினார். முடிந்தது. எனக்கும் ஆச்சரியம்தான். இரண்டு விசில் ஒரே சமயத்தில் ஒலித்தால் ஒன்றாகத்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மஞ்சள் கேப்டனுக்கு முட்டியில் இழுப்பு. கிழியவில்லை என்றார் டாக்டர். நான் ஊதாமல் விட்டிருந்தால் கிழிந்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நல்ல தீர்ப்புக்குச் சாட்சி அநேகமாக இருக்காது. நடக்காமல் போனதை யார் காட்ட முடியும்? அந்த ஏக்கத்தோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். பழகிக்கொள்ளுங்கள்.

சாரல் குறைந்து சீசன் முடிகிற நேரத்தில் அவன் கடைக்கு வந்தான். காலில் பட்டை, கையில் பை இல்லை. வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாலே" என்றேன். "வாசல்ல நின்னா ஏவாரம் கெடுது."

வந்து அதே பெயிண்ட் டின்னில் உட்கார்ந்தான். போனை எடுத்து நீட்டினான். யாரோ கூட்டத்திலிருந்து பிடித்த வீடியோ.

"ஒம்பது பத்துத் தடவ பாத்துட்டேன் அண்ணாச்சி. என் காலு இப்படியா திரும்பியிருந்துச்சு? எனக்குத் தெரியவே இல்ல."

"ஆடும்போது தெரியாது."

"பழின்னு சொல்லிட்டேன்." காலில் இருந்த பட்டையைத் தடவினான். "மைக்குல எம் பேரச் சொல்லுவீகன்னு நெனச்சேன். பட்டையக் கட்டிக்கிட்டே அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்."

"சொல்லணும்னுதான் வாய் வரைக்கும் வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"மூதி, ஊறுகா போட்டுக் குடுத்தவ வீட்டுல கேப்பாள்லா."

சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு வீடியோவை மறுபடி ஓட்டி, ஒரு இடத்தில் நிறுத்தினான்.

"இன்னொண்ணு இருக்கு. டீச்சரப் பாருங்க."

பார்த்தேன். நான் ஊதுகிற நொடி. டீச்சர் குனிந்து முட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் விசில் மார்பில் தொங்குகிறது. வாயில் இல்லை.

"யாருக்கும் காட்டல" என்றான். "காட்டவும் மாட்டேன்." என் எதிரிலேயே அழித்தான். அழித்துவிட்டு, "அண்ணாச்சி, ரெண்டு கீலு குடுங்க. நெசமாவே வேணும்" என்றான்.

அவன் போனதும் டீச்சருக்குப் போன் போட்டேன். எனக்கு உண்மையிலேயே கோபம்.

"அம்பயரு பொய் சொல்லலாமா டீச்சர்?"

அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துச் சத்தம். பிள்ளைகளை எங்கோ வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டு வந்தார்.

"சொல்லப்படாது" என்றார். "ஆனா அது என் கோட்டுல நடந்த ரெய்டு அண்ணாச்சி. நான் பக்கத்துல நிக்கேன், நீங்க அந்தப்பக்கம் நிக்கீக. நானும் அதப் பாத்தேன். ஊதணும்னு தெரிஞ்சிச்சு. ஊதுனா சண்ட வருமேன்னு கை நின்னுட்டு. உங்களுக்கு முட்டி பிந்துது, எனக்கு அன்னைக்குத் தைரியம் பிந்திட்டு. நான் ஊதியிருக்க வேண்டிய விசில நீங்க ஊதுனீக. அதுக்கு வார ஏச்ச நான் வாங்காம வேற யாரு வாங்குவா?"

ஏச நினைத்து வைத்திருந்ததெல்லாம் போயிற்று. "சாப்பிட்டீகளா?" என்று மட்டும் கேட்டேன்.

"இப்போ மணி பத்தரை அண்ணாச்சி" என்றார்.

அதற்குப் பிறகும் பல சீசன் நின்றேன். அருவியில் முட்டியைக் காட்டிவிட்டு ஆட்டத்துக்குப் போவதை விட்டேன். ஆட்டம் முடிந்த மறுநாள் போவேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் டீச்சர் கோர்ட்டைத் தாண்டி வந்து, "இன்னைக்கு முட்டி எப்படி?" என்று கேட்பார். சொல்வேன். அதற்குத் தகுந்தபடி எந்தக் கோடு யாருக்கு என்று முடிவு செய்வோம். ஒரு நாள் அவர் கேட்டபோது, "ரெண்டு பக்கமும் ஓடல டீச்சர்" என்றேன். அவர் என் விசிலைத் தானே கழற்றி, துடைத்து, என் சட்டைப் பையில் போட்டார். பொன்னாடை கிடையாது. அன்றோடு ஓய்ந்தேன்.

இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க, உங்க முட்டிய எழுதும்போது என் தைரியத்தையும் எழுதுங்க. சரிக்குச் சரி" என்றார்.

அவர் இன்னும் நிற்கிறார். வருகிற சீசனில் உங்களில் யாராவது அவருக்கு எதிர்க்கோட்டில் நிற்பீர்கள். ஆட்டம் தொடங்கும் முன் அவர் கோர்ட்டைத் தாண்டி உங்களிடம் வருவார். முட்டி எப்படி என்று கேட்பார். "ஒண்ணுமில்ல டீச்சர், நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னீர்கள் என்றால், அடுத்த தடவை என் கடைப் படி ஏறாதீர்கள்.